இன்டர்நேஷனல் பிசினஸ் பேப்பருக்கு எந்த மாதிரி புக் எடுக்கறது?

காமர்ஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல காமர்ஸ் டிபார்ட்மென்ட்ல இருக்கேன். இந்த செமஸ்டர் பி.காம். ஃபைனல் இயருக்கு இன்டர்நேஷனல் பிசினஸ் பேப்பர் எனக்கு வந்திருக்கு, டெக்ஸ்ட்புக்கையும் நீங்களே பாத்து சொல்லிடுங்கன்னு எச்.ஓ.டி. சொல்லிட்டார். கையில ரெண்டு புக் இருக்கு. ஒண்ணு அமெரிக்க புக்கோட இந்தியப் பதிப்பு, தலையணை சைஸ், கலர் படம், கேஸ் ஸ்டடி எல்லாம் நல்லா இருக்கு ஆனா விலை பசங்களுக்குக் கட்டுப்படியாகாது. இன்னொண்ணு நம்ம ஊர் பப்ளிஷர் போட்டது, சிலபஸ்ல இருக்கற மாதிரியே யூனிட் யூனிட்டா போகுது, பின்னாடி பழைய கொஸ்டின் பேப்பரும் இருக்கு. பசங்கள்ல பாதிப் பேர் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். முழுசா படிச்சுப் பாத்து முடிவு பண்ண நேரமில்ல, எந்த இடத்தைத் தொட்டுப் பாத்தா ஒரு புக்கோட தரம் தெரியும்?

பழைய_வாத்தியார்:
மேடம், அட்டையில புது எடிஷன்னு போட்டிருக்கறத நம்பாதீங்க, நேரா டிரேட் பிளாக் (நாடுகள் சேந்து போட்டுக்கற வணிகக் கூட்டணி) சாப்டருக்குப் போங்க. நாஃப்டா (அமெரிக்கா, கனடா, மெக்சிகோ வணிக ஒப்பந்தம்) இன்னும் நடப்புல இருக்கற மாதிரி எழுதியிருந்தா அந்த சாப்டரை யாரும் தொடலன்னு அர்த்தம், 2020 ஜூலை 1-லயே அந்த இடத்துக்கு யுஎஸ்எம்சிஏ வந்தாச்சு. ஐரோப்பிய யூனியன்ல 28 நாடுன்னு இருக்கா 27-ன்னு இருக்கா பாருங்க, 28-ன்னா பிரிட்டன் விலகறதுக்கு முன்னாடி எழுதினது. ஆர்செப்ங்கற ஆசிய-பசிபிக் வணிக ஒப்பந்தப் பேச்சுல இருந்து இந்தியா 2019 நவம்பர்ல விலகிடுச்சு, அது இருக்கா, ஏன் விலகினாங்கன்னு ரெண்டு வரியாவது இருக்கா. அப்புறம் டபிள்யூடிஓ, அதாவது உலக வணிக அமைப்பு. தகராறு தீர்க்கற முறைன்னு படம் போட்டு அம்புக்குறி போட்டு விளக்கியிருப்பாங்க, ஆனா அப்பீலை விசாரிக்க மூணு மெம்பராவது வேணும், அமெரிக்கா புது நியமனத்தைத் தடுத்ததால 2019 டிசம்பர்ல இருந்து அந்த மூணு பேர் கிடையாது. இதைச் சொல்லாத புக் பசங்களுக்கு இல்லாத ஒண்ண இருக்கறதா சொல்லிக்குடுக்குது.

ஆனா அப்டேட் மட்டும் போதாது மேடம், என்னைக் கேட்டா அதைவிட முக்கியம் ரிக்கார்டோவோட கம்பேரட்டிவ் அட்வான்டேஜ் (ஒப்பீட்டு நன்மை) தியரிய எப்படிச் சொல்லியிருக்காங்கங்கறது. 1817-ல அவர் குடுத்த கணக்கு இது. இங்கிலாந்துல துணிக்கு 100 ஆளோட உழைப்பு, ஒயினுக்கு 120. போர்ச்சுகல்ல துணிக்கு 90, ஒயினுக்கு 80. ரெண்டுலயுமே போர்ச்சுகல்தான் கெட்டி, அப்புறம் அவங்க எதுக்கு இங்கிலாந்துகிட்ட வாங்கணும்? இந்தக் கேள்விய பையன் மனசுல எழுப்பிட்டு, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கிட்டா இங்கிலாந்துக்கு 120-க்குப் பதிலா 100 பேர் உழைப்புல ஒயின் கிடைக்குது, போர்ச்சுகலுக்கு 90-க்குப் பதிலா 80 பேர் உழைப்புல துணி கிடைக்குதுன்னு கணக்காவே போட்டுக் காட்டற புக்தான் புக். நிறைய லோக்கல் புக்ல நாலு வரி டெஃபனிஷன், உடனே மெரிட்ஸ், டீமெரிட்ஸ்னு போயிடும். பையன் மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கிடுவான், ஏன்னு கேட்டா பதில் வராது.

டாலர்சிட்டி_டாக்குமென்ட்ஸ்:
மேடம், நான் திருப்பூர்ல ஒரு கார்மென்ட் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல டாக்குமென்டேஷன் பாக்கறேனுங்க. வாத்தியார் சொன்ன தியரி எல்லாம் சரி, ஆனா பி.காம். முடிச்சவங்க வந்து உக்கார்றது எங்க டேபிள்லதான், அதனால ப்ரொசீஜர் சாப்டரையும் அதே கண்ணோட பாருங்க. இன்கோடெர்ம்ஸ்ல (செலவும் ரிஸ்க்கும் விக்கறவருக்கா வாங்கறவருக்கான்னு சொல்ற சர்வதேச விதிகள்) டாட்னு ஒண்ணு இருந்தா அது 2010 லிஸ்ட், 2020-ல அத எடுத்துட்டு டிபியூ போட்டுட்டாங்க. அதைவிடப் பழசு ஒண்ணு இருக்குங்க, எஃப்ஓபி-ல (விக்கறவர் சரக்கைக் கப்பல்ல ஏத்திக் குடுக்கற விதி) சரக்கு ஷிப்ஸ் ரெயிலை, அதாவது கப்பலோட ஓரக் கம்பியைத் தாண்டினதும் ரிஸ்க் பையருக்குப் போயிடும்னு எழுதியிருப்பாங்க, அது 2000 வருஷ ரூல், இப்ப சரக்கு கப்பல்ல ஏறினாத்தான் கணக்கு. இன்சென்டிவ் பகுதியில எம்இஐஎஸ்ங்கற பழைய அரசு சலுகைத் திட்டம் இன்னும் ஓடிட்டு இருந்தா மூடி வச்சிடுங்க, 2021 ஜனவரியில அந்த இடத்துக்கு ரோட்டெப் வந்தாச்சு, கார்மென்ட்ஸுக்கு ஆர்ஓஎஸ்சிடிஎல்னு தனித் திட்டம்.

எல்சி (பையர் சார்பா அவர் பேங்க் குடுக்கற பண உத்தரவாதக் கடிதம்) எத்தனை வகைன்னு புதுசா வர்ற பசங்க வரிசையா ஒப்பிக்கறாங்க, ஆனா நிஜ எல்சி ஒண்ண கண்ணால பாத்ததில்ல. பேங்க் சரக்கைப் பாக்காதுங்க, பேப்பரை மட்டும்தான் பாக்கும். எல்சி-ல சரக்கு விவரம் எப்படி இருக்கோ இன்வாய்ஸ்லயும் அதுக்குப் பொருந்தற மாதிரி வரணும், பிஎல் (கப்பல் கம்பெனி குடுக்கற சரக்கு ரசீது) தேதி கடைசி ஷிப்மென்ட் தேதியைத் தாண்டிடக் கூடாது, இல்லன்னா டிஸ்கிரிபன்சி (பேப்பர் பொருந்தல) போட்டுடுவாங்க, அப்புறம் பையர் ஏத்துக்கற வரைக்கும் பணம் நிக்கும். ஒரே ஆர்டருக்கு எல்சி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பிஎல் எல்லாத்தையும் நிரப்பிக் காட்டி ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாக்கச் சொல்ற புக் கிடைச்சா வேற யோசனையே வேண்டாம்.

எம்பிஏ_செகண்ட்_இயர்:
மேடம், ஸ்டூடன்ட் சைடுல இருந்து ஒண்ணு சொல்றேன். கேஸ் ஸ்டடி எத்தனை இருக்குன்னு பாக்காதீங்க, கடைசில என்ன கேள்வி கேக்கறாங்கன்னு பாருங்க. கம்பெனி எப்படி ஜெயிச்சுதுன்னு கதை சொல்லி முடிச்சா அது விளம்பரம் மாதிரிதான் இருக்கு. எங்க சார் புக்ல இல்லாத நோக்கியா ஸ்ரீபெரும்புதூர் கேஸ எடுத்தார். 2006-ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, 2014 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட் போன் பிசினஸை வாங்குது ஆனா டாக்ஸ் கேஸ்ல சொத்து முடங்கிக் கிடந்ததால இந்த ஃபேக்டரி மட்டும் அந்த டீல்ல சேரல, 2014 நவம்பர் 1-ல உற்பத்தி நின்னுடுச்சு. நீ மைக்ரோசாஃப்டா இருந்தா என்ன பண்ணுவ, தமிழ்நாடு அரசா இருந்தா என்ன பண்ணுவன்னு ரெண்டு டீமா பிரிச்சு விட்டார். பொலிட்டிகல் ரிஸ்க், டாக்ஸ் எல்லாம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அந்த மாதிரி கேள்வி கேக்கற புக்கா பாருங்க. அப்புறம் தமிழ் மீடியம் பசங்களுக்கு எந்தப் பக்கத்தையாவது திறந்து ஒரு பேராவ சத்தமா படிச்சுப் பாருங்க, மூச்சு முட்டினா அவங்களுக்கும் முட்டும்.

காமர்ஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே ரெண்டையும் வச்சுப் பாத்தேன். லோக்கல் புக்ல ஷிப்ஸ் ரெயில் அப்படியே இருக்கு, யூனியன்ல 28 நாடு, ரிக்கார்டோ அரைப் பக்கம், கணக்கே இல்ல. அமெரிக்க புக்ல ரிக்கார்டோ அருமையா இருக்கு ஆனா ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்), இசிஜிசி (ஏற்றுமதிக் கடன் இன்சூரன்ஸ் கம்பெனி) பத்தி ஒரு வரி கிடையாது. அதனால லோக்கல் புக்க பிரிஸ்க்ரைப் பண்ணப் போறதில்ல. அமெரிக்க புக்ல கொஞ்சம் காப்பி லைப்ரரிக்கு வாங்கிட்டு, தியரி அதுல நடத்திட்டு, ப்ரொசீஜர் யூனிட்டுக்கு நானே நோட்ஸ் தயார் பண்ணலாம்னு இருக்கேன், எச்.ஓ.டி.யும் சரின்னுட்டார். திருப்பூர் சார், கம்பெனி பேர், பையர் பேர் எல்லாம் அழிச்சிட்டு பழைய எல்சி செட் ஒண்ணு குடுக்க முடியுமா?

டாலர்சிட்டி_டாக்குமென்ட்ஸ்:
எங்க மேனேஜர்கிட்ட கேட்டுட்டேனுங்க, குடுக்கலாம்னுட்டார். டிஸ்கிரிபன்சி வந்த செட் ஒண்ணும் சேத்து அனுப்பறேன், தப்பு எங்க இருக்குன்னு சொல்லாம பசங்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க.