கனடா காட்டு ஏரியில கேனோ, டென்ட், மீன் பிடி: அரைகுறை நீச்சல்காரன் போலாமா?

குடியாத்தம்_தக்கை

வணக்கம் மக்களே. டொரொன்டோவுல என் அத்தை பையன் கீறான். ஆகஸ்ட்ல நான் அங்க ஒரு மாசம் போறேன், விசா வந்துடுச்சு. போன வாரம் போன் பண்ணி, மச்சான் அல்கோன்குவின்னு ஒரு காடு, கார்ல மூணு மணி நேரம்தான், அங்க கேனோன்னு துடுப்பு போடற ஒல்லி படகு வாடகைக்கு எடுத்துக்கினு அஞ்சு நாள் உள்ள போறோம், ரோடு கிடையாது கரன்ட் கிடையாது சிக்னல் கிடையாது, புடிக்கிற மீன சுட்டு தின்னுட்டு டென்ட்ல படுத்துக்கலாம்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, நீ சரின்னா பர்மிட் போட்டுடுவேன்றான்.

ஆசையாதான் கீது. ஆனா நான் மீன் புடிச்சதெல்லாம் ஏரி மதகு கிட்ட குந்திக்கினு, மூங்கில் கொம்பு, நரம்பு, மயிலிறகு தக்கை, மண்புழு, ஜிலேபி கெண்டை, அவ்ளோதான். 2021 நவம்பர்ல பாலாறு கரை பொரண்டு ஓடுச்சே, அதுக்கு அப்பால ரெண்டு மாசம் ஆத்து குட்டையில கெளுத்தி புடிச்சேன், அதான் என் பெரிய சாதனை. படகுன்னா ஏலகிரி புங்கனூர் ஏரியில பெடல் மிதிச்சது. நீச்சல் கிணத்துல சுரைக்குடுக்கை கட்டி கத்துக்கினது, அது வுட்டு இருவது வருஷம் ஆச்சு. வூட்டுல கரடி கரடின்னு ஒரே பேச்சு. எங்கம்மா அது பாட்டுக்கு கருவாடும் பாட்டில்ல மாங்கா ஊறுகாயும் கட்டிக்கினு கீது. யாராவது போயிருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க, போலாமா வேணாமா?

ஆம்பூர்_ஒட்டாவா

தம்பி, போ. நான் மூணு தடவ போயிருக்கேன், சொந்த ஊரு ஆம்பூர், இப்ப இருக்கறது ஒட்டாவா. ஆனா உன் அத்தை பையன் ஒரு விஷயத்த உன்கிட்ட சொல்லல, வேணும்னேதான் சொல்லலன்னு நெனைக்கறேன். படகுல நீ போறது பாதி, படகு உன் மேல வர்றது மீதி.

அந்த பார்க் 1893ல ஆரம்பிச்சது, 7,600 சதுர கிலோமீட்டர் வரும், 2019ல மூணா பிரிக்கறதுக்கு முன்ன இருந்த நம்ம வேலூர் மாவட்டத்தையே உள்ள வச்சாலும் இடம் மிஞ்சும். தெக்கு பக்கமா ஒரே ஒரு ஹைவே குறுக்க போகுது, மத்ததெல்லாம் ஏரி ஏரி ஏரி, ரெண்டாயிரத்துக்கு மேல. ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவுல காட்டு ஒத்தையடி பாதை, அதுக்கு பேரு போர்டேஜ். கரையில மஞ்ச போர்டு மாட்டி எத்தினி மீட்டர்னு போட்டிருப்பான். கேனோ லேக்ல இருந்து ஜோ லேக்குக்கு 295 மீட்டர், அதெல்லாம் ஜுஜுபி, ரெண்டு மூணு கிலோமீட்டர் பாதையும் இருக்கு.

படகு நடுவுல கழுத்துக்கு வளைச்சு செதுக்குன ஒரு கட்டை இருக்கும். படக தொடை மேல இழுத்து வச்சு, ஒரே வீச்சுல தலைக்கு மேல கவுத்து, அந்த கட்டைய தோள்ல வாங்கணும். கெவ்லர்னு லேசான நாருல செஞ்ச படகுன்னா 18, 20 கிலோதான், அலுமினியம்னா 30க்கு மேல. கனம் கூட பரவால்ல, ரெண்டு கையும் விளிம்ப புடிச்சிருக்கும், தலை படகுக்குள்ள, பாதை மூணடிக்கு மேல கண்ணுக்கு தெரியாது, அந்த நேரம் பாத்து கொசு பூரா கவுந்த படகுக்குள்ள பூந்து மூஞ்சி மேல உக்காரும், தட்ட கை இருக்காது. மூக்கு நுனியில ஒண்ணு குந்தி வயிறு செவக்கற வரைக்கும் குடிச்சுது, நான் ரெண்டு கண்ணாலயும் பாத்துக்கினே நடந்தேன். நல்ல வேளை நீ ஆகஸ்ட்ல போற. மே கடைசி ஜூன்னா ப்ளாக்ஃப்ளைனு ஒரு ஈ, காதுக்கு பின்னால கடிச்சு ரத்தம் வர வச்சிடும்.

அதனால அத்தை பையன்கிட்ட வாடகை படகு கெவ்லரான்னு கேட்டுட்டு சரி சொல்லு. நான் மொத தடவ காசுக்கு பாத்து அலுமினியம் எடுத்தேன், அந்த கடைக்காரன் குடுத்த துடுப்புல வேற விரிசல், நடு ஏரியில கைப்பிடி தனியா வந்துடுச்சு. கிளம்பறதுக்கு முன்ன எல்லாத்தையும் தட்டி பாத்து வாங்கு.

கரடி இருக்கு, கருப்பு கரடி, அது உன்ன தேடி வராது, உன் சோத்த தேடி வரும். டென்ட்டுக்குள்ள திங்கற பண்டம் எதுவும், பல்லு வெளக்கற பேஸ்ட் கூட, கூடாது. எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி, டென்ட்டுக்கு தள்ளி ஒரு கிளை மேல கயிறு வீசி தூக்கணும், தரையில இருந்து நாலு மீட்டர் உசரம், அடிமரத்துல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி. கயித்து நுனியில கல்ல கட்டி வீசணும், சின்ன வயசுல மாங்கா அடிச்ச கை உனக்கு, பிரச்சனை இருக்காது. என்கூட வந்த ஒருத்தர் பேகுல முறுக்கு ரெண்டு மறந்துட்டார். கரடி வரல. சிப்மங்க்னு நம்ம அணிலாட்டம் முதுகுல கோடு போட்ட ஒண்ணு, முன்னூறு டாலர் டென்ட்ட வட்டமா கத்தரிச்சுட்டு உள்ள போயி முறுக்க தின்னுட்டு போச்சு.

அம்மாகிட்ட சொல்லு, தகர டப்பா, கண்ணாடி பாட்டில் உள் காட்டுக்கு எடுத்துக்கினு போறது தடை. ஊறுகாய கவருக்கு மாத்து. கருவாடு, சாமி, தயவுசெஞ்சு வேணாம்.

பேரணாம்பட்டு_பெருசு

இதுக்கு எதுக்குப்பா கனடா? நாங்க வயசு பசங்களா இருந்தப்ப மோர்தானா பக்கம் ஆத்து மணல்லயே படுத்துப்போம், ராத்திரி தூண்டில் வச்சிட்டு காலையில எடுத்தா விரால் மாட்டியிருக்கும், அங்கயே மூணு கல்லு, ஒரு சட்டி, கொழம்பு. இப்ப டேம்ல தண்ணியும் நெறைய நிக்குது. ஒரு பரிசல் கெடைச்சா போதும். லட்ச ரூபா செலவு பண்ணி கொசு கடி வாங்க போணுமா?

காட்பாடி_கணக்கு

பெருசு, உங்க காலம் வேற. இப்ப மோர்தானாவுக்கு அந்தாண்ட ஆந்திரா பக்கம் கவுண்டின்யா சரணாலயம், 1990ல அறிவிச்சது, யானை காடு. அங்க இருந்து வர்ற யானைங்கதான நம்ம பக்கம் மாந்தோப்பு, வாழை எல்லாம் துவம்சம் பண்றது. கரடியாச்சும் மூட்டைய தூக்கி கட்டுனா போயிடும், யானைக்கு எந்த கிளையில கட்டுவீங்க? அதுவும் இல்லாம 1972 வனவிலங்கு சட்டப்படி சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம கால் வச்சாலே கேஸ்.

காவேரியில பீமேஸ்வரி, கலிபோர் பக்கம் மகசீர்னு பெரிய ஆத்து மீன புடிச்சு திருப்பி வுடற கேம்ப் எல்லாம் ஒரு காலத்துல நடந்துது, வெளிநாட்டுக்காரங்க கூட வந்தாங்க, அதையும் நிறுத்திட்டாங்க. அந்த திமில் வச்ச மகசீர் 2018ல இருந்து அழியற நிலையில கடைசி படியில இருக்கு. கனடாவுல லைசென்ஸ் வாங்கிக்கினு ராஜாவாட்டம் புடிக்கலாம்ன்றப்ப புடிச்சுட்டு வரட்டும் வுடுங்க.

பேரணாம்பட்டு_பெருசு

சரி சரி, யானை மேட்டர்ல நீ சொல்றது கரெக்ட். போன வருஷம் எங்க பங்காளி தோப்புல பூந்து பம்ப்செட் ரூமையே சாச்சிடுச்சு. போயிட்டு வரட்டும்.

ஏலகிரி_காத்து

நீச்சல பத்தி யாரும் பேசலயே. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு படகுல இருக்கணும்னு அங்க சட்டம், ஆனா நெறைய பேர் அத மடிச்சு சீட்டா போட்டு குந்திக்குவாங்க. நீங்க கழட்டவே கழட்டாதீங்க ப்ரோ. அந்த பார்க்லயே பழகுன ஓவியர் டாம் தாம்சன், அந்த ஊர் காட்ட படம் படமா வரைஞ்சு பேர் வாங்குனவரு, 1917ல கேனோ லேக்ல தனியா படகுல போயி செத்து மெதந்தாரு. தண்ணிய அவ்ளோ தெரிஞ்ச ஆளு.

கேனோ நம்ம பரிசல் மாதிரி கிடையாது. பரிசல் சுத்தும், ஆனா லேசுல கவுறாது. கேனோ நேரா போகும், நின்னா கவுத்துடும். ஏறும்போது விளிம்புல கால் வைக்காம நடுவுல வச்சு, குனிஞ்சு, ரெண்டு பக்கமும் புடிச்சுக்கினு ஏறணும். அலை வந்தா சீட்ட வுட்டு முட்டி போட்டு குந்துங்க, கனம் கீழ எறங்கும். முன்னாடி இருக்கறவன் இழுக்கற ஆளு, பின்னாடி இருக்கறவன் ஓட்டற ஆளு, துடுப்ப இழுத்து முடிக்கறப்ப லேசா வெளிய தள்ளுனா படகு நேரா போகும். புதுசா போறவங்க முன்னாடி குந்துங்க, சண்டை கம்மி. மத்தியானத்துக்கு மேல காத்து எடுக்கும், பெரிய ஏரின்னா விடியக்காலையிலயே கடந்துடுங்க, கரைய ஒட்டியே போங்க.

இப்ப இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மூணு மாசம் இருக்கு. சத்துவாச்சாரி பக்கமோ எங்கயோ நீச்சல் குளத்துக்கு வாரம் ரெண்டு நாள் போங்களேன்.

குடியாத்தம்_தக்கை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒட்டாவா ணா, மீன பத்தி ஒண்ணும் சொல்லலயே. தூண்டில் இங்க இருந்து எடுத்துக்கினு போலாமா? மண்புழு கெடைக்குமா? இன்னா மீன் மாட்டும்?

ஆம்பூர்_ஒட்டாவா

மீனு தம்பி, அங்கதான் உனக்கு ஏமாத்தம் இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். அந்த ஏரிங்களுக்கு பேரு வாங்கி குடுத்தது ப்ரூக் ட்ரவுட், லேக் ட்ரவுட். ரெண்டும் ஜில்லுனு இருக்கற தண்ணிக்கு பொறந்ததுங்க. பனி உருகுன கையோட மே மாசம் கரையோரமே சுத்தும். ஆகஸ்ட்ல மேல் தண்ணி சூடாயிடும், ஜில் தண்ணி அடியில தனி அடுக்கா நிக்கும், லேக் ட்ரவுட் பத்து டிகிரி பக்கம் இருக்கற அந்த அடுக்குக்கு எறங்கிடும். மயிலிறகு தக்கை போட்டுக்கினு குந்துனா அஞ்சு நாளும் தக்கைய பாத்துக்கினேதான் இருப்ப. ஸ்பூன் லூர்னு மீனாட்டம் மின்னற தகடு இரை, அதுல நல்லா கனமானதா கட்டி ஆழத்துக்கு வுட்டு, படகு மெதுவா போகப்போக இழுக்கணும்.

ஆனா ஸ்மால்மௌத் பாஸ்னு ஒண்ணு இருக்கு, எல்லா ஏரியிலயும் இல்ல, இருக்கற ஏரியா பாத்து பர்மிட் போட சொல்லு. அது ஆகஸ்ட்ல பாறை சந்துலயும் தண்ணியில விழுந்த மரத்துக்கிட்டயும் நிக்கும், சாயங்காலம் வெயில் எறங்கறப்ப உன் மண்புழுவையே கவ்வும். கெளுத்தி மாதிரி அடியில இழுக்காது, தண்ணிக்கு மேல எகிறி தலைய உதறும், கையில அந்த உதறல் ஏறும் பாரு, அடேயப்பா.

லைசென்ஸ் இல்லாம நரம்பே தண்ணியில படக்கூடாது. வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட்டு, ஆன்லைன்லயே வாங்கலாம். உயிர் மீன இரையா போடறது அந்த பார்க்ல மொத்தமா தடை, கையில வச்சிருந்தாலே தப்பு, வெளி ஏரி மீனு தப்பிச்சு உள்ள பெருகுனா ட்ரவுட்டுக்கு சாப்பாடு போயிடும், அதான் காரணம். சில ஏரியில மண்புழுவும் கூடாது, செயற்கை இரை மட்டும், எந்த ஏரிக்கு என்ன ரூல்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

மாட்டுனா அங்கயே செதில் எடுத்து, குடல கேம்ப்புக்கு ரொம்ப தள்ளி போட்டுடு, கிட்ட போட்டா கரடிக்கு பத்திரிகை வச்ச மாதிரி. மசாலா மட்டும் ஊர்ல இருந்து வரட்டும். மொளகா தூள், மஞ்சள், உப்பு, பூண்டு பொடி கலந்து ஜிப் கவர்ல.

இன்னொண்ணு, மொத நாள் ராத்திரி ஏரிக்கு அந்தாண்ட யாரோ பொம்பள ஒப்பாரி வைக்கற மாதிரி கேக்கும். பயந்துடாத, லூன்னு ஒரு பறவை. நான் மொத தடவ கேட்டப்ப டென்ட்டுக்குள்ள எழுந்து உக்காந்து கந்த சஷ்டி கவசம் சொன்னேன்.

குடியாத்தம்_தக்கை

அத்தை பையனுக்கு சரின்னு சொல்லிட்டேன், கெவ்லர்னு தெளிவா சொல்லி வச்சிருக்கேன், சிரிக்கறான், யார்ரா உனக்கு சொன்னதுன்றான். நாளைக்கு இருந்து நீச்சல் குளம். அம்மா கருவாட்ட பொட்டியில இருந்து எடுத்துட்டாங்க, மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீறாங்க. அதுக்கு பதிலா தேங்கா எண்ணெ ஒரு டப்பா வச்சிட்டாங்க, கொசு கடிச்சா தடவிக்கணுமாம். பிளாஸ்டிக் டப்பாதான், அது போலாமா ணா?

ஆம்பூர்_ஒட்டாவா

போலாம், காலி டப்பாவ திருப்பி எடுத்துக்கினு வந்துடணும். ராத்திரி அதையும் மூட்டையில போட்டு மேல தூக்கிடு, தேங்கா வாசனைக்கும் கரடி வரும்.