கேரல் ஆராதனைக்கு எந்த வசனம்? (எங்கள் வீட்டுக் குழு)

சின்ன அத்தை: *பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது* இயேசுவைப் பற்றி 300 தீர்க்கதரிசனங்கள்! ஒன்றுகூடத் தவறவில்லை!! 🙏🙏

தங்கச்சி: அத்தை, நல்ல நேரத்தில் அனுப்பினீங்க. கேரல் ஆராதனையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வாசிக்க 3 பழைய ஏற்பாட்டுப் பகுதி எடுக்கச் சொல்லி என்னிடம் விட்டிருக்கிறார்கள். இந்த 300-இல் எதை எடுப்பது?

அம்மா: ஏசாயா 9. "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்." இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அண்ணன்: அம்மாவுக்கு வருஷா வருஷம் அதுதான் 😄 ஆனால் அத்தை, 300 என்பது பட்டியல் போட்டவரின் கணக்கு. தீர்க்கதரிசிகள் யாரும் ஜாதகம் கணிக்க உட்காரவில்லை. எதிரே நின்றவர்களிடம் பேசினார்கள்.

சின்ன அத்தை: ஆரம்பித்துவிட்டான். அண்ணே, கொஞ்சம் வாங்க.

பெரியப்பா: வந்துட்டேன். அவன் சொல்வதில் தப்பில்லை. பாப்பா, நீ 2 சாமுவேல் 7-இல் தொடங்கு. தாவீது ராஜா ஆலயம் கட்ட ஆசைப்படுகிறான். தீர்க்கதரிசி நாத்தான் வந்து, நீ கட்ட வேண்டாம், உன் வம்சத்தைக் கர்த்தர் நிலைநிறுத்துவார், உன் சிங்காசனம் என்றைக்கும் இருக்கும் என்கிறார். பின்னால் வந்த ராஜாக்கள் ஏமாற்ற ஏமாற்ற, "இவன் இல்லை, இனி ஒருவர் வருவார்" என்று அந்த வாக்கை ஜனங்கள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மா: "ஒரு கன்னிகை குமாரனைப் பெறுவாள், அவருக்கு இம்மானுவேல் என்று பேரிடுவாள்" என்ற வசனத்தை விட்டுட்டீங்களே அத்தான்.

பெரியப்பா: ஏசாயா 7. அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கதையும் சொல்ல வேண்டும். கி.மு. 735 வாக்கில் சீரியா ராஜாவும் இஸ்ரவேல் ராஜாவும் சேர்ந்து எருசலேமின் மேல் வருகிறார்கள். யூதாவின் ராஜா ஆகாசுக்கும் ஜனங்களுக்கும் நெஞ்சு காற்றில் ஆடும் காட்டு மரம்போல ஆடுகிறது. ஏசாயா மகனையும் கூட்டிக்கொண்டு வண்ணார்துறை வழியில், மேல்குளத்து மதகுக்கே போய் ராஜாவைப் பார்க்கிறார். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அரண்மனையில் இல்லை, தண்ணீர் வரும் இடத்தில்.

தங்கச்சி: அப்போ அந்தப் பிள்ளை ஆகாஸ் காலத்திலேயே பிறந்திருக்க வேண்டுமே?

அண்ணன்: அதேதான். பிள்ளைக்கு நன்மை தீமை தெரியும் முன்னே அந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகும் என்று அங்கேயே இருக்கிறது. கி.மு. 732-இல் தமஸ்கு அசீரியரிடம் விழுந்தது.

சின்ன அத்தை: அப்படியென்றால் அது இயேசுவைப் பற்றியது என்று சுவிசேஷத்தில் மத்தேயு எழுதியது?

பெரியப்பா: பயந்து நின்ற ராஜாவுக்குக் கொடுத்த அடையாளம் அன்றைக்கும் பேசியது. அது இயேசுவில் நிறைவேறியது என்று மத்தேயு வாசிக்கிறார், நாமும் அப்படியே விசுவாசிக்கிறோம். யூதர்கள் அப்படி வாசிப்பதில்லை. ஏசாயா 9-ஐக்கூட எசேக்கியா ராஜாவைக் குறித்தது என்பார்கள். வேதம் தெரியாமல் சொல்கிறார்கள் என்று நினைக்காதே.

சித்தப்பா: இதெல்லாம் இயேசுவுக்குப் பிறகு எழுதிச் சேர்த்தது என்கிறார் என் ஆபீஸ் நண்பர்.

அண்ணன்: அதற்கு வழியே இல்லை சித்தப்பா. 1947-இல் சவக்கடல் பக்கம் கும்ரான் குகையில் ஏசாயா சுருள் கிடைத்ததே, அது கி.மு. 2-ஆம் நூற்றாண்டு நகல். 7 மீட்டருக்கு மேல் நீளம். அங்கே கிடைத்த இன்னொரு சுருளை எழுதியவர்கள் ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என்று, அபிஷேகம் பெற்று வரப்போகிற இரண்டு பேரை எதிர்பார்க்கிறார்கள். ஒருவர் ஆசாரியர், ஒருவர் ராஜா.

சித்தப்பா: இரண்டு பேரா! நாளைக்கு ஆபீஸில் இதைப் போடுகிறேன்.

தங்கச்சி: எனக்கு இன்னும் இரண்டு பகுதி வேண்டும் 😭

பெரியப்பா: மீகா 5. ஏசாயா காலத்து ஆள்தான், ஆனால் மொரேசா என்ற சின்ன ஊர்க்காரர். எருசலேம் பெரியவர்களை மனிதர் தோலை உரிக்கிறவர்கள் என்று 3-ஆம் அதிகாரத்தில் திட்டுகிறார். அந்தக் கோபத்தோடு 5-ஐப் படி. அடுத்த ராஜா தலைநகரிலிருந்து வரவில்லை, தாவீது ஆடு மேய்த்த பெத்லெகேமிலிருந்து வருகிறார்.

அண்ணன்: என்னைக் கேட்டால் சகரியா 9. கி.மு. 586-இல் எருசலேம் விழுந்தபோது யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவின் கண்களைக் குருடாக்கிக் கொண்டுபோனார்கள். பாபிலோனிலிருந்து ஜனம் திரும்பியும் சிங்காசனம் திரும்பவில்லை. அதற்கும் பிறகு வருகிறது இந்தக் கழுதைமேல் வரும் ராஜா. இரதமும் யுத்தக் குதிரையும் இல்லாமல் போகும் என்று அடுத்த வசனம்.

அம்மா: அது குருத்தோலை ஞாயிறுக்குடா.

அண்ணன்: சரி, விட்டுவிட்டேன்.

தங்கச்சி: அப்போ 2 சாமுவேல் 7, மீகா 5, அம்மாவின் ஏசாயா 9. ஏசாயாவில் 6, 7 வசனம் போதும்தானே?

பெரியப்பா: 1-இலிருந்து எடு. செபுலோன், நப்தலி நாடுகள். அசீரியன் பிடுங்கிக்கொண்ட வடக்குப் பக்கம். இருளில் நடந்த ஜனம் யாரென்று தெரியாமல் பாலகன் பிறந்தார் என்றால் அந்தச் சந்தோஷம் புரியாது. இயேசு வளர்ந்த கலிலேயாவும் அங்கேதான்.

அம்மா: 7 வசனமும் ஒரே பிள்ளை வாசித்தால் மூச்சு வாங்கும். இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடு.