செந்நட்சத்திரத்துக்கு என்ன பெயர்: வட்டச்சின்னமா, நாட்டுக்குறியா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பறந்த சோவியத் விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் தீட்டப்பட்ட செந்நட்சத்திரத்தை, அவற்றைப் பற்றிய நம் கட்டுரையில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இது என் மறுமொழி.

> ‘வட்டச்சின்னம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ஆங்கிலத்தில் எல்லா நாட்டுக்கும் ரவுண்டெல் என்றுதானே எழுதுகிறார்கள்?

எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனும் பிரான்சும் வட்டத்துக்குள் வட்டம் தீட்டின. அவற்றுக்கு அந்தப் பெயர் தகும். ஐந்து முனை நட்சத்திரத்தையும் வட்டம் என்று எழுதவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

மற்றொரு வழியான ‘தேசியச் சின்னம்’ என்றால், உலக உருண்டையும் அரிவாள் சுத்தியலும் கதிர்க்கட்டுகளும் கொண்ட சோவியத் அரசுச் சின்னம்தான் வாசகர் நினைவுக்கு வரும். இதைவிட வலுவான காரணமும் உண்டு. சின்னம் பெருமைக்கு உரியது. விமானத்தில் தீட்டியதோ, சுடலாமா கூடாதா என்று எதிரே வருபவன் நொடியில் முடிவெடுப்பதற்காக. 1941-இல் ஜெர்மனி படையெடுத்த பிறகு, மேலிருந்து பார்ப்பவன் கண்ணில் படக்கூடாது என்று இறக்கையின் மேற்பரப்பு நட்சத்திரங்களைச் சோவியத் படை பெரும்பாலும் கைவிட்டது, அடிப்புறத்தில் வைத்துக்கொண்டது. 1943 முதல் நட்சத்திரத்துக்கு வெள்ளை விளிம்பு பரவலாக வந்து, அது எடுப்பாகத் தெரிந்தது. அமெரிக்காவும், ஜப்பானின் செவ்வட்டத்தோடு குழம்பும் என்று, 1942 மே மாதத்தில் தன் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவே இருந்த சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டது. தேவைக்கேற்ப அழிப்பதும் மாற்றுவதும் குறிக்கே இயல்பு. எனவே என் பரிந்துரை: நாட்டுக்குறி.

‘பொறி’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். புலிப்பொறி, விற்பொறி, கயற்பொறி என்று நம் இலக்கியம் போற்றிய சொல், எனக்கும் மிகப் பிடித்தது. ஆனால் இன்று ‘விமானப் பொறி’ என்றால் எஞ்சின்தான். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

நாட்டுக்குறி என்பது முடிவானால் மற்றவையும் ஒழுங்காக அமையும். சோவியத் போர்விமானி இவான் கோஷெதூப் ஓட்டிய லா-7 போர்விமானம் இன்று மாஸ்கோவுக்கு அருகே மோனினோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் உடலில் பெரிய நட்சத்திரம், பெரிதாக 27 என்ற எண், விமானி அறைக்கு அருகே வரிசை வரிசையாக 62 சிறு நட்சத்திரங்கள். வடிவம் ஒன்றே, பொருள் வேறு: பெரியது எந்த நாடு என்று சொல்கிறது, சிறியவை வீழ்த்திய விமானங்களின் கணக்கு. எல்லாவற்றையும் ‘நட்சத்திரச் சின்னம்’ என்று எழுதினால் வாசகர் தடுமாறிப்போவார். சிறியவற்றை ‘வெற்றிக்குறி’ எனலாம். 27 என்பதற்குப் ‘பக்க எண்’ போதும். ரஷ்யரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தொழிற்சாலை இடும் தொடர் எண்ணோடு இதைக் கலக்கவேண்டாம்.

சில விமானங்களில் வாசகமும் உண்டு. சரத்தோவ் பகுதியைச் சேர்ந்த தேனீ வளர்ப்பாளர் ஃபெராபோன்ட் கொலவாத்தி 1942 டிசம்பரில் தன் சேமிப்பிலிருந்து 1,00,000 ரூபிள் கொடுத்து வாங்கித்தந்த யாக்-1 போர்விமானத்தின் பக்கவாட்டில், ஸ்டாலின்கிராட் போர்முனை விமானி மேஜர் யெரேமினுக்குக் கூட்டுப்பண்ணை உழவர் கொலவாத்தி அளித்தது என்று எழுதியிருந்தார்கள். கோவில் கல்வெட்டில் கொடையாளர் பெயரைப் படித்துப் பழகிய நமக்கு இதைக் ‘கொடை வாசகம்’ என்பதில் தயக்கமே தேவையில்லை.

வண்ணப்பூச்சுக்கு ‘உருமறைப்பு’ ஏற்கெனவே நிலைத்த சொல், அதைத் தொடவேண்டாம். பனிக்காலத்தில் அதன்மேல் பூசிப் பிறகு கழுவிவிடும் எம்கே-7 என்ற வெள்ளைப் பூச்சுக்கு மட்டும் ‘பனிப்பூச்சு’ என்று தனிச்சொல் வேண்டும். அது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி விமானத்தின் வேகத்தைக் குறைத்ததால், கட்டுரையில் அடிக்கடி வரும்.

இன்னும் ஒன்று பாக்கி. சோவியத் படையோடு சேர்ந்து போரிட்ட பிரெஞ்சு விமானிகளின் நார்மண்டி–நீமன் படைப்பிரிவு, யாக்-3 விமானங்களில் சுழல்விசிறியின் முன்கூம்புக்கு நீலம், வெள்ளை, சிவப்பு தீட்டியது. இதற்குப் ‘படைப்பிரிவுக்குறி’ என்பது எனக்கு நீளமாகப் படுகிறது. ‘அணிக்குறி’ என்று சுருக்கலாமா? படைத்துறைச் சொற்களில் பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்