கச்சேரிக்கு இரண்டாவது கிட்டார்: எதை வாங்கலாம்?

முதல்கம்பி எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் லீடு கிட்டார் வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று சீசனில் மாதத்துக்கு எட்டு, பத்து கச்சேரி இருக்கும். கையில் இருப்பது ஒரே கிட்டார். மிதக்கும் வகை பிரிட்ஜ் (கீழ்முனையில் கம்பிகளைத் தாங்கும் பகுதி), நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தாண்டும் இடம்) பூட்டு, மெல்லிய 9 கேஜ் கம்பி, கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டும் ஹம்பக்கர் (இரட்டைக் காயில்) வகை. ஏழு வருடமாக அதை வைத்துத்தான் ஓடுகிறது.

போன வாரம் சிவகங்கைப் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழா. ராத்திரி பத்தரை மணி, கூட்டம் நன்றாகச் சேர்ந்திருந்தது. இடையிசையில் லீடு போய்க்கொண்டிருந்தபோது முதல் கம்பி பிரிட்ஜ் பக்கத்தில் அறுந்தது. அடுத்த நொடியே மற்ற ஐந்து கம்பிகளும் சுருதி ஏறிவிட்டன. எங்கே பிடித்தாலும் சேரவில்லை. வால்யூமை மூடிவிட்டு நின்றேன். கீபோர்டு அண்ணன் என் பகுதியைப் புல்லாங்குழல் டோனில் வாசித்துக் காப்பாற்றினார். மேடைக்குப் பின்னால் போய், செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, நட்டுப் பூட்டுகளை ஆலன் கீயால் திறந்து, கம்பி மாட்டி, சுருதி சேர்த்து முடிப்பதற்குள் நான்கு பாட்டு போய்விட்டது. குழுவில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது கிட்டார் வாங்கியே ஆக வேண்டும். 22,000 ரூபாய் வரை முடியும். பழகிய கை என்பதால் அதே மாடலில் இன்னொன்று வாங்கலாமா? கடையில் ஒரு லெஸ் பால் (கிப்சன் கம்பெனியின் பிரபல மாடல்) வடிவக் கிட்டார் பார்த்தேன், சத்தம் மிகவும் பிடித்திருந்தது. அது சரிப்படுமா? மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை ரிதம் எழுதியது:

தம்பி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்பி மாட்டியதை நானும் செய்திருக்கிறேன். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் 22 வருடமாக வாசிக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அதே மாடல் வேண்டாம். உங்கள் பிரிட்ஜ் தராசு மாதிரி நிற்கிறது. ஒரு பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன, மறுபக்கம் உடம்புக்குள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. ஒரு கம்பி போனால் ஸ்பிரிங் பக்கம் பலம் கூடிவிடும். பிரிட்ஜ் பின்னால் சாயும், மிச்சக் கம்பிகள் ஏறும். இரண்டாவது கிட்டாரும் இதே வகை என்றால், ஆபத்துக்கு எடுத்த அன்றைக்கு அதுவும் இப்படியே கைவிடும். உடம்போடு இறுக்கி முடுக்கிய பிரிட்ஜ் வைத்ததை வாங்குங்கள், ஹார்ட்டெயில் என்று கேட்டால் தருவார்கள். அதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். பாட்டை முடித்துவிட்டு நிதானமாக மாற்றலாம்.

அப்புறம் லெஸ் பால் வடிவம். சத்தம் நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரைக்குமான ஸ்கேல் பெரும்பாலும் 24.75 அங்குலம். உங்களுடையது அநேகமாக 25.5 அங்குலமாக இருக்கும், டேப் வைத்துப் பாருங்கள். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் பன்னிரண்டாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். மேடையில் பல்லவி முடிந்து இடையிசை தொடங்குவதற்குள் தோளில் மாட்டி வாசிக்கும்போது அந்தப் பத்து நிமிடம் கிடையாது. அதே 9 கேஜ் கம்பி அதில் தளர்ச்சியாகவும் இருக்கும். வழக்கமான பலத்தில் பெண்டு (சுருதி ஏறக் கம்பியைப் பக்கவாட்டில் வளைப்பது) இழுத்தால் சுருதியைத் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்று. அந்த வடிவத்தில் தலைப்பகுதி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டுக்காக மரத்தைக் குடைந்திருப்பதால் நட்டுக்குக் கீழே மெலிந்த இடம் அது. 2011-இல் கும்பகோணத்துப் பக்கம் ஒரு கச்சேரியில் என் கிட்டார் ஸ்டாண்டோடு பின்பக்கம் விழுந்தது. ஸ்பீக்கர் வயரை யாரோ தாண்டும்போது கால் தட்டிவிட்டது. விழுந்தது முழங்கால் உயரம்கூட இல்லை. தலைப்பகுதி கழன்று கம்பிகளில் தொங்கியது. பசை போட்டு ஒட்டி இன்றைக்கும் வாசிக்கிறேன், ஆனால் திருவிழா மேடைக்கு அதை எடுத்துப் போவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி மேடையில் பதினைந்து பேர் ஏறி இறங்கும்போது, இரண்டாவது கிட்டார் ஓரமாகத் தனியே நிற்கப் போகிறது என்பதை யோசியுங்கள்.

பிக்கப் விஷயத்தில் ஹம்பக்கரையே வைத்துக்கொள்ளுங்கள். நம் மேடையில் ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, டிம்மர் எல்லாம் ஒரே வயரில் ஓடும். சிங்கிள் காயில் பிக்கப் கரண்டின் அந்த 50 சைக்கிள் இரைச்சலை அப்படியே வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். 1955-இல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இரண்டு காயிலை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கரை வடிவமைத்ததே இந்த இரைச்சலை அடக்கத்தான். உங்கள் முதல் கிட்டாரும் ஹம்பக்கர் என்பதால் எஃபெக்ட்ஸ் பாட்ச் (பெட்டியில் சேமித்து வைத்த டோன்) எதையும் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது. சத்தம் ஏற்ற இறக்கமாக இருந்தால் பிக்கப்பின் இரண்டு பக்க ஸ்க்ரூவைத் திருப்பி உயரத்தைச் சரிசெய்யுங்கள். அதற்கு மேலும் வித்தியாசம் இருந்தால், லீடு பாட்சை ஒரு காப்பி எடுத்து அளவை மட்டும் மாற்றிப் பக்கத்து எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் கார்ட் கேஎக்ஸ்100, ஐபனெஸ் ஜிஆர்ஜி121டிஎக்ஸ் இரண்டும் பொருந்தும். இரண்டிலும் அசையாத பிரிட்ஜ், இரண்டு ஹம்பக்கர், 25.5 ஸ்கேல். செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். முழுப் பணத்தையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். மூவாயிரமாவது செட்டப்புக்கு (ரிப்பேர்காரரிடம் கொடுத்துக் கம்பி உயரம், சுருதி எல்லாம் சரிசெய்வதற்கு) ஒதுக்குங்கள். நல்ல கை பட்ட சாதாரண கிட்டாரை நம்பி மேடை ஏறலாம்.

ஈயப்பற்று எழுதியது:

கோவையில் கிட்டார் ரிப்பேர் செய்கிறேன். காவிரிக்கரை அண்ணன் சொன்னது சரி. ஆனால் கம்பி ஏன் அறுந்தது என்று யாரும் கேட்கவில்லையே. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சாடிலில் பிசிறு இருக்கும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள், சுரண்டினால் தெரிந்துவிடும். 1000 நம்பர் உப்புத்தாளை ஒரு பழைய கம்பியில் சுற்றி மெதுவாகத் தேயுங்கள், போதும். வியர்வை பட்ட கம்பியை மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

உங்கள் பிரிட்ஜுக்குக் கம்பியின் உருண்டை முனையை வெட்டித்தானே மாட்ட வேண்டும்? முதல் மூன்று கம்பிகளில் இரண்டு இரண்டு வீட்டிலேயே வெட்டி, தனித்தனிக் கவரில் எண் எழுதி, ஆலன் கீயோடு பையில் போட்டு வையுங்கள்.

புதுக் கிட்டார் எந்த விலையில் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது வயரைச் சொருகும் ஜாக் சாக்கெட். அதை இறுக்கிப் பிடிக்கும் திருகு நட்டு தளர்ந்தால் சாக்கெட் சுற்றும், உள்ளே வயர் முறுகி சால்டர் விட்டுப்போகும். என்னிடம் ‘சத்தமே வரவில்லை’ என்று வரும் கிட்டாரில் பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான்.

டெலி போதும் எழுதியது:

நான் சென்னையில் பேண்டு ஒன்றில் வாசிக்கும் பெண். அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், சிங்கிள் காயில் விஷயம் தவிர. எங்கள் இரண்டாவது கிட்டார் டெலிகாஸ்டர் (ஃபெண்டர் கம்பெனியின் பழைய மாடல்) வடிவம்தான். பிரிட்ஜ் அசையாது, ஸ்கேல் 25.5, தலை நேராக இருப்பதால் விழுந்தாலும் தாங்குகிறது. பல மாடல்களில் இரண்டு பிக்கப்பையும் ஒன்றாக வைத்தால் ஹம்பக்கர் மாதிரியே இரைச்சல் அடங்கிவிடும், கடையில் கேட்டுப் பாருங்கள். ரிதம் வாசிக்க இதைவிடத் தெளிவான சத்தம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் ஓவர்டிரைவ் போட்டு லீடு வாசிப்பவருக்கு, அதுவும் ஜெனரேட்டர் பக்கத்தில், ஹம்பக்கர்தான் நிம்மதி என்பது உண்மை.

முதல்கம்பி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சாடிலைத் தடவிப் பார்த்தேன், முதல் கம்பி இடத்தில் நிஜமாகவே பிசிறு. தேய்த்துவிட்டேன். டேப் வைத்து அளந்தேன், 25.5தான்.

ஒரே ஒரு சந்தேகம். பாட்டு நடுவில் கிட்டார் மாற்றும்போது வயரின் பின்னைப் பிடுங்கினால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்குமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

காவிரிக்கரை ரிதம் எழுதியது:

ட்யூனர் பெடலை மிதித்தால் சத்தம் அடைபடும், அதற்கப்புறம் பின்னை மாற்றுங்கள். எஃபெக்ட்ஸ் பெட்டியிலேயே ட்யூனர் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். இரண்டு கிட்டாரில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் ஏ-பி பெட்டி வாங்க முடிந்தால் இரண்டு கிட்டாரையும் சொருகியே வைக்கலாம், ஒரே மிதியில் மாறும்.

முக்கியமானது ஒன்று விட்டுப்போனது. இரண்டாவது கிட்டாரை உறைக்குள் வைத்துக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் இடைவேளைக்கு அப்புறம் முதல் இரண்டு பாட்டு அதிலேயே வாசியுங்கள். கையும் பழகும், கோளாறு இருந்தால் அப்போதே தெரியும். மேடையில் ஏற்றி ஒரு மணி நேரம் கழித்து சுருதியை இன்னொரு தடவை பாருங்கள். சாயங்காலச் சூட்டில் சேர்த்த கம்பி ராத்திரிப் பனியில் அப்படியே நிற்காது.

முதல்கம்பி எழுதியது:

செகண்ட் ஹேண்டில் ஒரு கேஎக்ஸ்100 கிடைத்தது, 13,500 ரூபாய். ஜாக் நட்டு தளர்ந்துதான் இருந்தது, முடுக்கிவிட்டேன். செட்டப்புக்குக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும். சனிக்கிழமை மேலூரில் கச்சேரி. இடைவேளைக்கு அப்புறம் முதல் பாட்டு அதில்தான்.