டேபிள் வியூவில் செக்ஷன் ஹெடருக்கு மேலே வேண்டாத இடைவெளி

நீலவானம்:
ஸ்விஃப்ட் மொழியில் எழுதிய ஐபோன் ஆப். செலவுகளை மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் (செக்ஷன்) ஒரு தலைப்போடு (ஹெடர்) காட்டும் டேபிள் வியூ, அதாவது வரிசைப் பட்டியல், பிளெயின் ஸ்டைல். ஹெடரின் உயரத்தைச் சொல்லும் ஹைட்ஃபார்ஹெடர்இன்செக்ஷனில் 40 கொடுத்திருக்கிறேன். ஐஓஎஸ் 14 சிமுலேட்டரில் அச்சு அசலாக வருகிறது, ஆனால் 15லோ அதற்கு மேலோ ஓட்டினால் ஒவ்வொரு ஹெடருக்கும் தலைக்கு மேலே ஒரு வெற்றிடம் முளைத்துவிடுகிறது. ஹெடருக்கு நிறம் கொடுத்துப் பார்த்தேன், அந்த இடத்தில் நிறம் ஏறவில்லை. கன்டென்ட் இன்செட் (உள்ளடக்கத்தைச் சுற்றிய ஓர இடைவெளி), செல்லின் கன்ஸ்ட்ரெயின்ட் (இடத்தையும் அளவையும் கட்டும் விதி) எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் இதே ஆப்பில் அமைப்புகள் பக்கம் குரூப்டு ஸ்டைல், அங்கே முதல் செக்ஷனுக்கு ஹெடரே வேண்டாம் என்று உயரமாக 0 திருப்பிக் கொடுத்தாலும் (ரிட்டர்ன்) இடம் போகமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

தறிக்காரன்:
இல்லை, வேறுவேறு. முதலாவதற்குப் பதில்: 2021ல் ஐஓஎஸ் 15 வந்தபோது செக்ஷன்ஹெடர்டாப்பேடிங் என்று ஒரு பிராப்பர்ட்டி புதிதாக வந்தது. நீங்கள் தொடாமல் விட்டால் அது ஆட்டோமேட்டிக்டைமென்ஷனில் (அளவைச் சிஸ்டமே முடிவுசெய்யும் மதிப்பு) இருக்கும், பிளெயின் ஸ்டைலில் அது சுமார் 22 பாயிண்ட் சேர்த்துவிடும். ஹெடரின் உயரத்தில் இது சேராது, அதனால்தான் 40ஐ எவ்வளவு குறைத்தாலும் இடைவெளி அப்படியே நிற்கும். திரை நினைவகத்தில் ஏறியதும் ஓடும் வியூடிட்லோடில் அதை 0 ஆக்குங்கள். ஐஓஎஸ் 14க்கும் ஆப் போகிறது என்றால் ஐஓஎஸ் பதிப்பைப் பார்க்கும் அவைலபிள் சோதனைக்குள் எழுதுங்கள், இல்லாவிட்டால் கம்பைல் ஆகாது. ஆப் முழுக்க வேண்டுமென்றால் எல்லா டேபிள் வியூவுக்கும் பொதுவான அப்பியரன்ஸ் வழியாக ஒரே இடத்தில் வைத்துவிடலாம்.

மணல்மேடு:
குரூப்டில் 0 என்றால் "எனக்கு உயரம் வேண்டாம்" என்று அது எடுத்துக்கொள்ளாது, இயல்பான உயரத்தையே போட்டுவிடும். சிஜிஃப்ளோட் என்ற எண் வகையின் லீஸ்ட்நார்மல்மேக்னிட்யூட் திருப்புங்கள், 0க்கு மிக நெருக்கமான, கண்ணுக்கே தெரியாத அளவு. செக்ஷனின் அடியில் வரும் ஃபுட்டருக்கும் அதையே செய்யுங்கள், பலர் ஹெடரை மட்டும் சரிசெய்துவிட்டு இரண்டு செக்ஷனுக்கு நடுவே மிச்சமிருக்கும் இடம் எங்கிருந்து வருகிறதென்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அலையோசை:
கேட்காததைச் சொல்கிறேன், ஆனாலும் இது முக்கியம். அந்த 40ஐயே எடுத்துவிடுங்கள். போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்பவர்கள் நிறைய, அந்த அமைப்புக்கு (டைனமிக் டைப்) ஏற்ப எழுத்து வளரும்போது மாதத்தின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், பார்வை குறைந்தவருக்கு அந்த ஆப் பயன்படாமலே போய்விடும். யூஐடேபிள்வியூஹெடர்ஃபுட்டர்வியூவிலிருந்து ஒரு கிளாஸ் எழுதி, லேபிளை கன்டென்ட்வியூவுக்குள் மேலும் கீழும் இடமும் வலமும் கட்டி, நம்பர்ஆஃப்லைன்ஸை 0 (வரிகளுக்கு வரம்பில்லை) ஆக்கிவிட்டு, ஹெடர் உயரத்தைக் கேட்கும் டெலிகேட்டில் 40க்குப் பதிலாக ஆட்டோமேட்டிக்டைமென்ஷன் திருப்புங்கள். உயரத்தின் மதிப்பீடான எஸ்டிமேட்டட்செக்ஷன்ஹெடர்ஹைட்டுக்கு அந்த 40ஐக் கொடுக்கலாம், தோராயமாக இருந்தால் போதும். மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் விட்டுப்போனாலும் உயரம் கணக்காகாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலவானம்:
பேடிங்கை 0 ஆக்கியதும் இடைவெளி போய்விட்டது, அமைப்புகள் பக்கமும் சரியாகிவிட்டது, மூவருக்கும் நன்றி. அலையோசை சொன்னபடி மாற்றியதில் பெரிய எழுத்திலும் வெட்டுப்படவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: திரையில் இருக்கும் ஹெடரில் மொத்தத் தொகையைச் சேர்க்கும்போது எழுத்து இரண்டு வரியாகிறது, உயரம் மட்டும் பழையபடியே நிற்கிறது.

அலையோசை:
லேபிளின் எழுத்து மாறியது டேபிளுக்குத் தெரியாது. எழுத்தை மாற்றியபின் பர்ஃபார்ம்பேட்ச்அப்டேட்ஸை வெறுமையாக ஒருமுறை கூப்பிடுங்கள், உயரங்களை மறுபடி கணக்கிடும். ரீலோட்டேட்டா போட்டாலும் நடக்கும்தான், ஆனால் தொகை மாறும்போதெல்லாம் திரையில் தெரியும் வரிசைகளையெல்லாம் திரும்ப வரைய வைப்பது வீண்.