அமெரிக்கக் கல்லூரி அட்மிஷனில் ஆக்டிவிட்டிகளுக்கு (பாடத்துக்கு வெளியே செய்பவை) எவ்வளவு எடை? விண்ணப்பத்தில் அவற்றுக்கான பத்து இடத்தையும் நிரப்பியே ஆக வேண்டுமா?

கொன்றைப்பூ (கேள்வி)

வணக்கம். மகள் இந்த ஜூனில் பத்தாம் வகுப்பை முடிக்கிறாள். ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) நன்றாக இருக்கிறது, அடுத்த வருடம் நான்கு ஏபி (கல்லூரித் தரத்திலான) பாடங்கள். சிறு வயதிலிருந்து பரதநாட்டியம், வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, பள்ளியில் கணக்கு கிளப், ரோபாட்டிக்ஸ். மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். இது போதாது, ஒரு நான்-பிராஃபிட் (லாப நோக்கற்ற அமைப்பு) தொடங்கு, கோடையில் ஆய்வுக் கட்டுரை வெளியிடு என்று சுற்றியுள்ளவர்கள் சொல்கிறார்கள். கடும் போட்டியுள்ள கல்லூரிகளில் இவற்றை உண்மையில் எப்படி எடை போடுகிறார்கள்? விண்ணப்பத்தில் எப்படி எழுத வேண்டும்?

ஆலமரத்தடி

முதலில் பார்ப்பது மதிப்பெண்ணும், எடுத்த பாடங்களின் கடினமும்தான். அது பலவீனமாக இருந்தால் எத்தனை கிளப் இருந்தும் பயனில்லை. ஆனால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாக இடம் தரும் கல்லூரிகளில், விண்ணப்பிக்கும் பெரும்பாலோர் அந்தப் படியைத் தாண்டியவர்கள். அவர்களுக்குள் யாரை எடுப்பது என்னும்போதுதான் ஆக்டிவிட்டி, கட்டுரை, ஆசிரியர் கடிதம் எல்லாம் பேசத் தொடங்குகின்றன.

எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி இல்லை. ஊகிக்கத் தேவையும் இல்லை. கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ (கல்லூரிகள் ஒரே வடிவில் வெளியிடும் தகவல் அறிக்கை) என்று தேடி, அதில் சி7 பகுதியைத் திறங்கள். ஒவ்வொரு அம்சத்துக்கும் ‘மிக முக்கியம், முக்கியம், கருதப்படும், கருதப்படாது’ என்று நான்கில் ஒன்றைக் கல்லூரியே குறித்திருக்கும். ஆக்டிவிட்டி, தனித்திறன், தன்னார்வப் பணி, வேலை அனுபவம் நான்கும் அதில் தனித்தனி வரிகள். மகள் விரும்பும் எட்டுப் பத்துக் கல்லூரிகளுக்கு இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

டெக்ஸாஸில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூடி ஆஸ்டினில் (ஆஸ்டின் நகரிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகம்) வகுப்புத் தரவரிசையின் உச்சியில் இருக்கும் அந்த மாநில மாணவர்களுக்குத் தானாகவே இடம் உண்டு. 2026 இலையுதிர் பருவத்திலிருந்து அது முதல் 5 சதவீதம். ஆனால் அது பல்கலைக்கழகத்துக்கான இடம். கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற துறை கிடைப்பது முழு விண்ணப்பத்தையும் படித்த பிறகே. தரவரிசையை நம்பி ஆக்டிவிட்டி பகுதியை அவசரமாக எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

உள்ளே எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு நம் கையில் இருக்கும் தெளிவான சான்று, மாணவர் சேர்க்கையில் பாகுபாடு என்று ஹார்வர்ட் மீது தொடுத்த வழக்கில் (2018 விசாரணை) வெளிவந்த மதிப்பீட்டு முறை. ஆக்டிவிட்டிக்கு 1 முதல் 6 வரை எண். 1 என்பது தேசிய அளவிலான, அபூர்வமான சாதனை. 2 என்பது பள்ளிக்குள் வலுவான பங்களிப்பு: பள்ளிச் செய்தி இதழின் ஆசிரியர், வகுப்புத் தலைவர் போன்றவை. 3, ஒழுங்காகப் பங்கேற்றிருக்கிறார், தனிச்சிறப்பு இல்லை. 4, பங்கேற்பு இல்லை அல்லது மிகக் குறைவு. 5 மோசமான எண் இல்லை: குடும்பப் பொறுப்பு, படிப்புக் காலத்தில் வேலை என்று வழக்கமான கிளப்புகளுக்கு வெளியே நேரத்தைக் கொடுத்தவர்களுக்கானது. 6, உடல்நிலை போன்ற காரணத்தால் ஈடுபட முடியாதவர்களுக்கு.

உங்கள் மகள் தம்பியைப் பார்த்துக்கொள்வது இந்த 5-இல் வருவது. அதை மறைக்காதீர்கள். பத்து கிளப்பில் பெயர் மட்டும் இருந்தால் கிடைப்பது 3. ஒன்றிலோ இரண்டிலோ மூன்று வருடம் நின்று எதையாவது மாற்றிக் காட்டினால்தான் 2-ஐ நெருங்க முடியும்.

மேசைவிளக்கு

எழுதும் விதத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் அங்கே.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தில் அதிகபட்சம் 10 ஆக்டிவிட்டி. பொறுப்புக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150. இடைவெளியும் எண்ணிக்கையில் சேரும். அதோடு எந்தெந்த வகுப்பில் (9 முதல் 12 வரை), வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம். ஒன்பதாம் வகுப்புக்கு முந்தைய கோப்பைகளுக்கு அங்கே இடமில்லை. விருதுகள் தனி: 5 மட்டும், ஒவ்வொன்றுக்கும் 100 எழுத்து. எம்ஐடி தன் சொந்தப் படிவத்தில் நான்கே ஆக்டிவிட்டிதான் கேட்கிறது; அதிலிருந்தே எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்று புரியும். ஆறு இருந்தால் ஆறோடு நிறுத்துங்கள்.

வரிசை முக்கியம். மிக முக்கியமானது மேலே. விவர வரியில் கிளப் என்ன செய்கிறது என்று எழுதாதீர்கள். அது படிப்பவருக்குத் தெரியும். ‘கணக்கு கிளப்பில் ஆர்வத்துடன் பங்கேற்றுப் பல போட்டிகளுக்குச் சென்றேன்’ என்பதில் ஒன்றுமே இல்லை. ‘6ஆம் வகுப்பினர் 14 பேருக்கு வாரம் இருமுறை பயிற்சி, 60 கணக்குகள் தொகுத்தேன், 3 பேர் மாவட்டப் போட்டிக்குத் தேர்வு’ என்றால் ஆள் கண்முன் வருகிறார். எண், வினை, விளைவு இருக்கட்டும். ‘ஆர்வம்’, ‘தலைமைப் பண்பு’ போகட்டும்.

மணிக்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பள்ளிக்கே வாரம் 35 மணி, வீட்டுப்பாடம் 15 போனபின் ஆக்டிவிட்டிகளின் கூட்டுத்தொகை 50 என்று வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு வரியில் சந்தேகம் வந்தால் மற்ற வரிகள் மீதும் அது படியும்.

இப்போதே ஒரு தாள் தொடங்குங்கள்: தேதி, மணி, என்ன செய்தாள், எத்தனை பேர். புதிய படிவம் ஆகஸ்ட் 1 திறக்கும்போது உட்கார்ந்து நினைவுகூர்ந்தால் பாதி மறந்திருக்கும்.

கொன்றைப்பூ

மிக்க நன்றி. அடுத்த கோடையில் அரங்கேற்றம். அதை விருதுப் பகுதியில் போடலாமா? தமிழ்ப் பள்ளிக்கு மதிப்பு உண்டா?

மேசைவிளக்கு

அரங்கேற்றம் விருது அல்ல, ஆக்டிவிட்டி. அந்தப் பெயரைத் தனியாக விட்டுவிட்டால் படிப்பவருக்குப் புரியாது. தனியொருவராக எத்தனை மணி நேரம், எத்தனை உருப்படி, நேரடி இசைக் குழுவோடா, எத்தனை ஆண்டுப் பயிற்சிக்குப் பின் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு சிறியவர்களுக்கு அடவு சொல்லிக் கொடுத்தால் அது இன்னும் கனம் கூட்டும், ஏனெனில் அங்கே பொறுப்பு வருகிறது. யேல், ஹார்வர்ட் போன்ற சில இடங்களில் கலைப் பதிவைத் தனியாக அனுப்ப வழி உண்டு. ஆட்டம் உண்மையிலேயே உயர்தரமாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். சுமாரான பதிவு உதவாது.

தமிழ்ப் பள்ளியும் ஆக்டிவிட்டிதான். பல மாநிலங்களில் இருமொழித் திறனுக்கான முத்திரை உண்டு. வழக்கமாக அது பள்ளி முடிக்கும்போது தரப்படுவதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் இருக்காது. உங்கள் பள்ளி மாவட்டம் தமிழுக்கு எந்தத் தேர்வை ஏற்கிறது என்று பள்ளிக் கவுன்சிலரிடம் (ஆலோசகர்) பதினோராம் வகுப்பிலேயே கேளுங்கள்.

கருவேலங்காடு

நான்-பிராஃபிட் பற்றி யாரும் சொல்லவில்லையே. பதினோராம் வகுப்புக் கோடையில் பிறந்து, நண்பர்கள் மூவர் இயக்குநர்களாக இருந்து, ஒரு இணையதளமும் இரண்டு நிகழ்ச்சியும் மட்டுமே கொண்ட அமைப்பை அட்மிஷன் அலுவலர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். பயன் பெற்றவர் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அது வெற்றுப் பலகை. ஏற்கெனவே இயங்கும் நூலகம், உணவு வங்கி, தமிழ்ப் பள்ளி இவற்றில் ஒரு குறையைக் கண்டு அதைச் சரிசெய்வது மேல். உதாரணமாக, தமிழ்ப் பள்ளியில் வாசிப்புப் பயிற்சித்தாள் இல்லையென்றால் ஒரு வகுப்புக்கானதை உருவாக்கி, ஒரு வருடம் பயன்படுத்தித் திருத்தட்டும்.

காசு கொடுத்தால் பெயர் போடும் ஆய்வு இதழ்களைத் தவிருங்கள். கட்டணக் கோடை முகாம் பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தாலும், அதனால் மட்டும் அங்கே இடம் கிடைப்பதில்லை. ஆர்எஸ்ஐ, எம்ஐடிஇஎஸ் போன்ற, கட்டணமில்லாமல் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அறிவியல் திட்டங்கள் வேறு வகை. அவற்றுக்கு எடை உண்டு. அவை கிடைக்காவிட்டால் கடையிலோ நீச்சல் குளத்திலோ சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் மதிக்கப்படுகிறது. நம் வீடுகளில் இதை ஏனோ குறைவாக நினைக்கிறோம், அது தவறு.

கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களுக்கு விண்ணப்பித்தால் கணக்கே வேறு. அங்கே எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, ஆசிரியர் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை. அதனால் ஆக்டிவிட்டி பகுதியும், எட்டில் நான்கு கேள்விகளுக்கு 350 சொல் வரையிலான பதில்களும் நிறையச் சுமக்கின்றன. ஆக்டிவிட்டியும் விருதும் சேர்த்து 20 வரை, விவரத்துக்கு 350 எழுத்து. காமன் ஆப் வரிகளை அப்படியே ஒட்டினால் பாதி இடம் வீணாகும். சூழலையும் காரணத்தையும் சேர்த்துப் புதிதாக எழுதுங்கள். எழுதியதற்குச் சான்று கேட்டுச் சில விண்ணப்பங்களைத் தோராயமாக எடுத்துச் சரிபார்ப்பதும் அங்கே வழக்கம். நிகழ்ச்சி நிரல், பொறுப்பாளரின் மின்னஞ்சல், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.