பாஸ்டன் துறைமுகமும் 3 பென்ஸ் வரியும்

போன கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் தேநீர்க் கப்பல் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். அமெரிக்கா பிரிட்டனின் காலனிகளாக இருந்தபோது, 1773-இல், கப்பலில் வந்த தேயிலையை எதிர்ப்பாளர்கள் கடலில் கொட்டிய ஊர் இது. பழைய கப்பல் மாதிரியே கட்டி, மேல்தளத்தில் கயிறு கட்டிய பொதிகளை வைத்திருக்கிறார்கள். கடலில் வீசிவிட்டு இழுத்துக்கொள்ளலாம். என் மகளும் ஒன்றை வீசினாள். அப்புறம் கேட்டாள்: "டீ விலைய ஏத்தினதாலயா அப்பா கொட்டினாங்க?"

விலை குறையத்தான் இருந்தது. 1773 தேயிலைச் சட்டப்படி, கிழக்கிந்தியக் கம்பெனி தன் சீனத் தேயிலையை நேராக அமெரிக்காவுக்கு அனுப்பலாம். கள்ளக்கடத்தலில் வந்த டச்சுத் தேயிலையைவிட மலிவாகவே விற்க முடியும். ஆனால் 1767-இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்த வரி, ராத்தலுக்கு 3 பென்ஸ், அப்படியே இருந்தது. கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம் எல்லாவற்றின் வரியையும் 1770-இல் எடுத்தவர்கள், தேயிலைக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். வரி போடும் உரிமை தங்களுக்கு உண்டு என்று காட்டத்தான். மலிவாக இருக்கிறதே என்று வாங்கிக் குடித்தால், காலனி மக்கள், தங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத பிரிட்டிஷ் பார்லிமெண்டின் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும். டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் கடலுக்குப் போயின.

எனக்கு மனசு ஆறாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். தேயிலைக்கு நஷ்டஈடு கட்டும்வரை என்று 1774 ஜூன் 1 முதல் பிரிட்டிஷ் அரசு பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. கொட்டியவர்கள் கொஞ்சம் பேர், பிழைப்புப் போனதோ மூட்டை தூக்கியவர்கள், மாலுமிகள் என்று ஊருக்கே. தென் கரோலினாவிலிருந்து அரிசி அனுப்பினார்கள். லண்டன் தனிமைப்படுத்த நினைத்த ஊருக்கு மற்ற காலனிகள் துணை நின்றன.

*

பிரிட்டனின் வரியை எதிர்த்த இன்னொரு ஊரையும் நான் பார்த்திருக்கிறேன்: வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க். அங்கே அச்சுக்கூடத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, கையால் அழுத்தி அச்சடித்துக் காட்டுகிறார்கள். ஒரு பக்கத்துக்கே அவ்வளவு உழைப்பு. தேயிலைக்கு முன்பே, 1765-இல் பிரிட்டன் போட்ட முத்திரை வரி, இப்படி அச்சடித்தவர்களைத்தான் நேராகத் தாக்கியது. பத்திரிகை, வழக்கு மனு, சீட்டுக்கட்டு வரை வரி கட்டிய முத்திரை வேண்டும். ஒரு விளம்பரத்துக்கு 2 ஷில்லிங். மீறினால் ஜூரி இல்லாத நீதிமன்றத்தில்கூட வழக்கு நடத்தலாம்.

முத்திரைத் தாளை விநியோகிக்கும் பொறுப்போடு வந்த ஜார்ஜ் மெர்சரை இதே ஊரில்தான் கூட்டம் சூழ்ந்துகொண்டது. மறுநாளே பொறுப்பை விட்டுவிட்டார். 1766 மார்ச் 18-இல் முத்திரை வரிச் சட்டம் ரத்தானது. ஆனால் அதே நாளில், எந்த விஷயத்திலும் காலனிகளுக்குச் சட்டம் போட பார்லிமெண்டுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டமும் வந்தது. ரத்தானதைக் கொண்டாடிய மக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமே டவுன்ஷெண்ட் வரிகள் வந்துவிட்டன.